இரண்டு பத்திரிகை வாசித்த சீதாலெட்சுமி

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே தொழிலாளிகள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால், பணிமனைச் சுவரை ஒட்டி, சீதாலெட்சுமியின் ஒட்டுக்கடை இருந்தது. நாலு கம்பு, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, எதிரெதிராக இரண்டு பெஞ்சு. காலையில் பசியாற இட்லி, சாயங்காலம் வடையும் கோப்பியும். அவள் புருஷன் ரயில் பெட்டிகளைக் கோக்கும் வேலையில் இருந்தவன். ஒரு மழை நாளில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் அகப்பட்டுச் செத்துப்போனான். ஊருக்குத் திரும்பிப் போக அவளுக்கு அங்கே யாரும் இல்லை. கடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியும். அப்பன் கிள்ளானில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் காவல்காரனாக இருந்ததில், வாசல்படியில் உட்கார்ந்தே எழுத்துப் பழகியவள். லயத்து ஆண்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான். வேலை விட்டு வரும்போது யாராவது ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டுவார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசிப்பாள்.

அந்த வாசிப்பில் ஒரு குணம் உண்டு. ஏற்ற இறக்கம் கிடையாது. யுத்தச் செய்தியையும் ரப்பர் விலையையும் தாதுபுஷ்டி லேகிய விளம்பரத்தையும் ஒரே குரலில் வாசிப்பாள். "இதப் பத்தி நீ என்ன நெனைக்கிற அக்கா?" என்று கேட்டால், "போட்டிருக்கறதத்தான் வாசிச்சேன்" என்பாள். அதனாலேயே அவளை நம்பினார்கள். பணிமனையில் ஏதாவது வதந்தி கிளம்பினால், "சீதாக்கா வாசிக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்வது வழக்கமாகிப் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் தமிழர் நலச் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் சங்கத் தேர்தல் என்றால் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் நாலைந்து கிராணிமார் ஒரு மண்டபத்தில் கூடிக் கை தூக்கிவிட்டு, கேசரி சாப்பிட்டுக் கலைவதுதான். அந்த வருஷம் அப்படி இல்லை. தோட்டங்களில் கூலியைக் குறைத்திருந்தார்கள். ஆட்களைக் கப்பலில் அனுப்புவதையே இந்தியா நிறுத்திவிடப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. நிறுத்துவது நல்லது என்றார் ரயில்வே ஆபீசில் தலைமைக் கிராணியாக இருந்த ராதாகிருஷ்ணன். ஆள் வரத்து நின்றால்தான் இங்கே இருக்கிறவனுக்கு மரியாதை, கூலியும் ஏறும் என்பது அவர் கட்சி. நிறுத்தினால் குடும்பம் அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகப் பிய்ந்து போகும் என்றார் குத்தகைக்கு ஆள் விடும் சபாபதி. அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆள் வரத்து நின்றால் அவர் தொழிலும் நின்றுவிடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

தேர்தலில் எதிரெதிராக நின்ற இந்த இருவரில் சபாபதிக்கு 'சிலாங்கூர் தூதன்' என்ற பத்திரிகை துணை. ராதாகிருஷ்ணனுக்கு 'ஜனதருமம்'. இரண்டு பேருமே தொழிலாளிகளுக்குச் சந்தா கட்டி அங்கத்தினர் ஆக்கினார்கள். இரண்டு பத்திரிகையும் சீதாலெட்சுமியின் கடைக்கு இலவசமாக வந்தன. கொஞ்ச நாளில் பெஞ்சுகள் இரண்டும் கட்சியாகப் பிரிந்தன. சுவர்ப் பக்கத்துப் பெஞ்சில் சபாபதி ஆட்கள், வண்டி போகும் சடக்குப் பக்கத்துப் பெஞ்சில் ராதாகிருஷ்ணன் ஆட்கள். அவள் 'தூதனை' எடுத்தால் ஒரு பெஞ்சு இருமும், 'தருமத்தை' எடுத்தால் மற்றது காறித் துப்பும். சேர்ந்து கப்பலேறி வந்தவர்கள், ஒரே குழாயில் குளித்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

எந்தப் பெஞ்சிலும் உட்காராமல் அடுப்புப் பக்கம் குந்தியிருப்பவன் நாகையா. தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் வேலை. அவனும் அவன் பெண்சாதி வீரம்மாவும் சீதாலெட்சுமிக்குக் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. மலாயாவுக்கு வரும்போது மகள் அஞ்சலையைக் கைக்குழந்தையாக மன்னார்குடிப் பக்கம் வீரம்மாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த அக்கா செத்துப்போனதாகத் தகவல் வந்ததிலிருந்து வீரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போய் மகளைக் கூட்டிவர வேண்டும். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, கப்பல் நின்னுபோகும்ங்கறாங்க, நிக்காதுங்கறாங்க. நான் போனா திரும்பி வர விடுவானா, மாட்டானா? நீ பாத்துச் சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? வாசிக்கிறேன், கேட்டுக்க."

முதலில் 'தூதனை' வாசித்தாள். தடை என்பதெல்லாம் சில கிராணிமார் தேர்தலுக்காகக் கட்டிவிட்ட கதை, கப்பல்கள் எப்போதும்போல் ஓடும் என்று அதில் இருந்தது. பிறகு 'தருமம்'. தடை வந்தாலும் அது புதிதாக வருகிறவர்களுக்கே, இங்கே வேலையில் இருப்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தாராளமாகப் போய் வரலாம் என்று அதில் இருந்தது.

வீரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகையாவும் பார்த்தான். சீதாலெட்சுமி இரண்டு தாளையும் மடித்து வைத்தாள்.

"ரெண்டு பேரும் எல்லாத்துலயும் அடிச்சுக்கிறாங்க. இதுல மட்டும், போனா வரலாம்னு ஒண்ணையேதான் சொல்றாங்க. அப்ப நெசமாத்தான் இருக்கும். போயிட்டு வா வீரம்மா."

வாசித்ததற்கு மேல் அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு கட்சி தடையே இல்லை என்று சாதிக்க வேண்டியிருந்தது. மற்றது தடையைக் கண்டு யாரும் பயந்துவிடக் கூடாது என்று பார்த்தது. இரண்டு பொய்யும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டதை உண்மை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

போர்ட் சுவெட்டன்ஹாமில் வீரம்மா கப்பல் ஏறினாள். வழியனுப்பப் போன சீதாலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மனுசன் கோவத்துல சோறு வேணாம்பாரு. கேக்காத அக்கா, தட்டுல போட்டு வச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிரு, தின்னுருவாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் ஏறினாள்.

தேர்தல் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஓட்டு எண்ணி முடிவதற்குள் ராதாகிருஷ்ணன் முந்துகிறார் என்ற பேச்சுக் கிளம்பியது. யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாற்காலிகள் பறந்தன. பணிமனையில் ஒரே உலையில் வேலை பார்த்த இரண்டு பேர் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்தல் செல்லாது, வருஷக் கடைசியில் மறுபடியும் நடக்கும் என்று அறிவித்தார்கள். ஆறாமல் கிடந்த பகை இன்னும் ஆறு மாதத்துக்கு நீண்டது.

ஜூன் மாதம் தடை வந்தேவிட்டது. கப்பல் செலவைக் கொடுத்துக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்திவிட்டது. சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. 'தருமம்' அதைத் தன் வெற்றி என்று போட்டிருந்தது. 'தூதன்' "நாம் அன்றே எச்சரித்தோம்" என்று தொடங்கியது. சீதாலெட்சுமி வாசித்து முடித்தாள். அடுப்புப் பக்கமிருந்து நாகையா கேட்டான்:

"போனவங்க திரும்பி வர்றதப் பத்தி எங்க போட்டிருக்கான்?"

அவள் தாளைத் திருப்பினாள். மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தாள். இரண்டு பத்திரிகையிலும் நாலு பக்கத்தையும் தேடினாள்.

"போடல தம்பி."

மறுநாள் இருவரும் ராதாகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மரியாதையாகவே பேசினார். "நம்ம ஜனங்களோட மானத்துக்காக எடுத்த முடிவும்மா இது. சில்லறைக் கஷ்டம் சில பேருக்கு வரத்தான் செய்யும். விதிவிலக்கு வரும், பொறுங்க" என்றார். சபாபதியின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனபோது அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தடை நல்லதுன்னு சொன்ன மகராசன்கிட்டப் போய்க் கேளுங்க லா. என்கிட்ட எதுக்கு வர்றீங்க?" என்றார். ஆனால் அவர்கள் படி இறங்கும்போது கணக்கப்பிள்ளையை விட்டு நாகையாவின் பெயரையும் பெண்சாதியின் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள். 'தூதனை' சபாபதியின் ஆள் கையோடு கொண்டுவந்து, "அக்கா, மொதப் பக்கம்" என்று கொடுத்தான். அவள் வழக்கம்போலத் தலைப்பை வாசித்தாள்.

"தடையின் முதற்பலி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளி நாகையாவின் மனைவி வீரம்மாள், நாகப்பட்டினத்தில், கப்பலேற அனுமதி மறுக்கப்பட்டு..."

நிறுத்திவிட்டாள். அடுப்பில் எண்ணெய் புகைந்தது.

"வாசி அக்கா" என்றான் நாகையா.

"இது வேணாம் தம்பி."

"வாசி. நீதானே வாசிக்கணும்."

அவள் வாசித்தாள். கப்பலேறுகிறவர்களைத் தங்கவைக்கும் டிப்போவின் வாசலிலே நாட்கணக்காகப் பட்டினி கிடந்து, மகளை மடியில் போட்டபடியே அந்த உத்தமி உயிர் நீத்தாள் என்றும், நம்பத்தகுந்த இடத்திலிருந்து இத்தகவல் கிடைத்தது என்றும், இந்தப் பாவம் எந்தக் கிராணிமாரைச் சேரும் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும் என்றும் இருந்தது. எல்லாவற்றையும் அந்த ஒரே குரலில் வாசித்தாள். வேறு குரல் அவளுக்கு வரவில்லை. நாகையா எழுந்து போய்ப் பணிமனைச் சுவரில் முட்டிக்கொண்டான். நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அவளுக்குச் சந்தேகம் இருந்தது. 'தூதனின்' ஏஜெண்டைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"யாரு சொன்ன சேதி இது? தந்தி வந்துச்சா? பாத்தவங்க யாரு?"

"எனக்கு என்ன தெரியும் லா. மேல இருந்து வந்துச்சு, போட்டாங்க. பேப்பர்ல சும்மாவா போடுவாங்க?"

பேப்பரில் போட்டிருக்கிறது என்று அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

நாகையா தலையை மழித்துக்கொண்டு காரியம் செய்தான். செலவை சபாபதி ஏற்றார். அடுத்த வாரமே அவனை அம்பாங்கில் ஒரு மேடையில் ஏற்றினார்கள். அவனுக்குப் பேச வரவில்லை. "எம் பொண்டாட்டி..." என்று தொடங்கி அழுதான். கூட்டம் முழுக்க அழுதது. பிறகு கிள்ளான், சுங்கை வே என்று எங்கே கூட்டம் நடந்தாலும் அவன் போனான். மெல்ல மெல்லப் பேசப் பழகிக்கொண்டான். அவன் படம் பத்திரிகையில் வந்தது. தண்டவாள வேலையை விட்டுவிட்டு, சபாபதியின் ஆட்களுக்கு மண்டோராக மேற்பார்வை பார்க்கும் உத்தியோகத்துக்கு வந்தான். அவனைக் கண்டால் ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். கடைக்கு வருவது குறைந்தது. வந்தால் சுவர்ப் பக்கத்துப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தான்.

அக்டோபரில் ஜெய்னுதீன் பாய் ஊரிலிருந்து திரும்பி வந்தார். நாகூர்க்காரர். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பங்சார் எஸ்டேட்டிலும் ரயில்வே லயங்களிலும் தவணைக்குச் சேலை விற்பவர். வியாபாரியாதலால் அவர் போக்குவரத்துக்குத் தடை ஏதும் இல்லை. கடையில் உட்கார்ந்து முதல் வாய் கோப்பி குடித்ததும் அவர் சொன்னார்:

"உங்க வீரம்மாவ நாகப்பட்டினத்துல பாத்தேன் தங்கச்சி. டிப்போவுக்குப் பக்கத்துல ஒரு ஓலைக் கொட்டாய்ல கெடக்குது, மகளும் கூட இருக்கு. என்னையக் கண்டதும் ஓடி வந்து கால்ல விழுந்துச்சு."

சீதாலெட்சுமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க பாத்தது அவளத்தானா பாய்?"

"என்கிட்ட மூணு சேல எடுத்த பொண்ண எனக்குத் தெரியாதா? புருசன் இங்க வேலையில இருக்கான்னு அவன் வாயால இங்க உள்ள லேபர் ஆபீசுல சொல்லி எழுதி அனுப்பினா விட்டுருவாங்களாம். டிப்போ கிராணி சொல்லியிருக்கான். அதுக்காகத்தான் அது வாசல்லயே காத்துக்கெடக்குது."

அப்போதே அடுப்பை அணைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு சபாபதியின் கிட்டங்கிக்குப் போனாள். நாகையா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஜெய்னுதீன் பாய் கண்டதை எல்லாம் சொன்னார். நாகையாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதை சீதாலெட்சுமி கண்ணால் பார்த்தாள். பிறகு அவன் பின்னால் நின்ற கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினான். நாகையா கேட்டான்:

"இந்தப் பாய் யாரு ஆளு? ராதாகிருஷ்ணன் ஆளா?"

"நான் துணி விக்கிறவன் தம்பி" என்றார் ஜெய்னுதீன்.

"ராதாகிருஷ்ணன் வீட்டுக்கும் துணி போடறீங்கள்ல?"

"எல்லா வீட்டுக்கும்தான் போடறேன்."

"அதானே பாத்தேன்" என்றான் கணக்கப்பிள்ளை. "மறு தேர்தலுக்கு ரெண்டு மாசம் இருக்கு, கிளம்பிட்டானுங்க."

சீதாலெட்சுமி நாகையாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். லோரி நிற்கும் இடத்தில் யாரும் இல்லை.

"ஆபீசுக்கு வாடா. ஒரு வார்த்த. அவ உயிரோட இருக்கா, எம் பொண்டாட்டிதான்னு சொல்லு, போதும்."

அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"நீதானக்கா போகச் சொன்ன. அப்பறம் செத்துட்டான்னும் நீதான் வாசிச்ச. இப்ப இருக்கான்னும் நீயே வந்து சொல்ற. நான் எத நம்புறது?"

"நான் சொன்னது தப்புதான். என்னைய நம்ப வேணாம். பாய் கண்ணால பாத்தாரு."

"அவ செத்துட்டான்னு நான் எத்தன கூட்டத்துல அழுதிருக்கேன் தெரியுமா? ஜனங்க எங்கூட அழுதிருக்கு. இப்பப் போயி இருக்கான்னு சொன்னா என்னைய என்ன செய்வாங்க? இவங்களும் விடமாட்டாங்க, அவங்களும் விடமாட்டாங்க." பிறகு, தனக்குள் பேசுகிறவனைப் போல, "நான் நெசமாத்தான் அழுதேன் அக்கா" என்றான்.

அவள் மூன்று தடவை போய்ப் பார்த்தாள். மூன்றாம் தடவை கிட்டங்கி வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். ஆபீசுக்குத் தனியே போனாள். நீ அவளுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். உறவு இல்லை என்றாள். புருஷன் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வேறு வழி தெரியாமல் ஒரு சாயங்காலம் கடையில் எல்லோரும் இருக்கும்போது, பத்திரிகையை எடுக்காமல், எழுந்து நின்று சொன்னாள்: "வீரம்மா சாகல. நாகப்பட்டினத்துல இருக்கா. யாராச்சும் நாகையாவுக்கு எடுத்துச் சொல்லுங்க."

சடக்குப் பக்கத்துப் பெஞ்சு கை தட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டபோதே தான் செய்தது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாளில் 'ஜனதருமம்' எழுதியது: செத்தவள் உயிரோடிருக்கிறாள், புருஷனை உதறிவிட்டு இன்னொருவனோடு நாகப்பட்டினத்தில் குடித்தனம் நடத்துகிறாள், இந்த வேஷக்காரனுக்காகவா ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள்? "பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் நாணயமான ஒரு பெண்மணி" சொன்னதாகவும் சேர்த்திருந்தது. அந்தப் பத்திரிகையை அவளிடமே கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். வாசிக்கத் தெரிந்த ஒருவன் எழுந்து, ராகம் போட்டு வாசித்தான்.

மறுநாள் காலையில் சுவர்ப் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் வந்து கடையைப் பிரித்துப் போட்டார்கள். மாவுப் பானையைச் சடக்கில் உடைத்தார்கள். அவர்களில் பலர் முந்தின நாள் வரை அக்கா என்று கூப்பிட்டவர்கள். மற்றக் கட்சிக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் அது ஒரு செய்தியாக வேண்டியிருந்தது. நாகையா வரவில்லை. இன்னொருவனோடு குடித்தனம் என்று காதில் விழுந்த பிறகு அவனுக்கு எல்லாமே சுலபமாகிவிட்டது என்று கேள்வி. அதற்கப்புறம் அவன் மேடையில் அழவில்லை, வீரம்மாவின் பெயரையே எடுக்கவில்லை, ராதாகிருஷ்ணனைத் திட்ட மட்டும் செய்தான்.

மறு தேர்தல் டிசம்பரில் நடந்தது. சபாபதி கட்சி ஜெயித்தது. தோற்றவர்கள் தனியாக இன்னொரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். தடை நீங்கவில்லை. கூலியும் சொல்லும்படியாக ஏறவில்லை.

சீதாலெட்சுமி கிள்ளானுக்குப் போய்விட்டாள். காய்கறிப் பாசாருக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, வாசலில் ஒரு அடுப்பு. ஜெய்னுதீன் பாய் ஊருக்குப் போகும்போது அவள் ஒரு சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்தனுப்பினாள். நாகையா வரமாட்டான், காத்திருக்க வேண்டாம், மகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது பிழைத்துக்கொள் என்று சொல்லச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

அவர் திரும்பி வந்தபோது அந்தச் சேலையைப் பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தார். ஓலைக் கொட்டகையில் வேறு ஆட்கள் இருந்தார்களாம். தாயும் மகளும் அறுவடைக்குப் போகிற கும்பலோடு போய்விட்டதாக ஒருவன் சொன்னான். மகளுக்குக் காய்ச்சல் என்று தர்ம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அப்புறம் காணோம் என்று இன்னொருத்தி சொன்னாள்.

"எது நெசம் பாய்?"

"தெரியல தங்கச்சி."

அதன் பிறகும் ஒவ்வொரு கப்பலுக்கும் அவள் கேட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். முப்பத்தொன்பதாம் வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் அவர் ஊரிலிருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூட்டையோடு வந்தார். அடுப்படியில் அவள் எழுந்து நிற்பதைக் கண்டதும், தலையைக் குனிந்துகொண்டு, எதிர்ச் சடக்குக்கு மாறி நடந்து போனார். சீதாலெட்சுமி கூப்பிடவில்லை.